ஆஸ்பத்திரிப் படுக்கையில் மலம் கருப்பாகப் போனால்: மேல்வயிற்று இரத்தக்கசிவு பற்றி நோயாளியோடு இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் தெரிந்தவர்கள் போன் செய்வார்கள். "சிஸ்டர், மாமனாரை நெஞ்சு சளிக்குத்தான் சேர்த்தோம். இப்போ வயித்துல ரத்தம் போவுதுன்னு சொல்றாங்க. இது எங்கிருந்து வந்துச்சு?" அப்படிப் பலர் கேட்டவற்றையும் அவர்களுக்கு நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். சிகிச்சையை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

மேல்வயிற்று இரத்தக்கசிவு என்றால் எந்த இடத்தில்?

உணவுக்குழாய், இரைப்பை, அதையொட்டிய முன்சிறுகுடல். இந்த மூன்றில் எங்கே கசிந்தாலும் இதே பெயர்தான். புண்ணிலிருந்து கசியலாம், வீங்கிய ரத்தக்குழாய் வெடித்துக் கொட்டலாம், ஓயாமல் வாந்தி எடுத்ததில் உணவுக்குழாயின் அடிப்பக்கம் கிழிந்தும் வரலாம். சிலருக்குப் புற்றுநோய்க் கட்டி காரணமாக இருக்கும். கேஸ் ஷீட்டில் 'மெலினா' என்று எழுதியிருந்தால் கருப்பு மலம். 'ஹெமட்டெமிசிஸ்' என்றால் ரத்த வாந்தி.

கசிகிறது என்று எப்படித் தெரியும்?

ரத்த வாந்தி வந்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வார்டே ஓடி வந்துவிடும். காபித் தூளைக் கரைத்தது போல வாந்தி வந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் குடித்த காபி என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள். அது இரைப்பை அமிலம் பட்டு நிறம் மாறிய ரத்தம்.

மலம் இன்னும் முக்கியம். சாலை போடும்போது ஊற்றுகிற தார் எப்படி இருக்கும்? அந்தக் கருப்பு, அந்தப் பளபளப்பு, அந்தப் பிசுபிசுப்பு. தண்ணீர் ஊற்றினாலும் பெட்பேனில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாற்றமும் வழக்கமான மல நாற்றமாக இருக்காது. ஒருமுறை முகர்ந்த நர்ஸ் அடுத்த முறை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மலம் இப்படி ஆவதற்கு 50 மில்லி ரத்தமே போதும், அரை டம்ளர் கூட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். ஆனால் அது கெட்டியாக, கொஞ்சம் பச்சை கலந்த கருப்பாக இருக்கும், தார் போல ஒட்டாது. பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். வெற்றிலை போடுகிற பாட்டிகளின் எச்சிலைப் பார்த்து ரத்தம் என்று அலறியவர்களும் உண்டு. எதுவானாலும் நிறத்தைச் சொல்லிவிடுங்கள், பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. வேகமாகக் கொட்டும்போது கருக்க நேரமில்லாமல் மலத்தில் சிவப்பாகவே வரும். அது ஆபத்தின் உச்சம்.

வெளியே எதுவும் தெரியாமல் உள்ளேயே கசிந்துகொண்டிருப்பதும் நடக்கும். படுத்திருந்தவரை உட்கார வைத்தால் கண் இருட்டுகிறது என்பார். உள்ளங்கை சில்லென்று வியர்க்கும். நாடி 100-ஐத் தாண்டும். காரணம் இல்லாமல் குழம்பிப் பேசுவார், சிறுநீர் குறையும். பிரஷருக்குத் தருகிற சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அதனால் நாடி 80 தானே என்று அவர்கள் விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது.

"காலையில்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் எப்படி?"

குடத்தில் இருக்கும் பாலில் பாதியை ஊற்றிவிட்டாலும் மிச்சப் பாலின் கெட்டித்தன்மை மாறாது, தண்ணீர் கலந்தால்தான் நீர்க்கும். ரத்தமும் அப்படித்தான். கசிவு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் எண் இறங்காது. உடம்பிலுள்ள நீர் ரத்தக்குழாய்க்குள் வந்த பிறகு, அல்லது குளுக்கோஸ், சலைன் ஏற்றிய பிறகுதான் இறங்கிக் காட்டும். காலை ரிப்போர்ட்டை வைத்து மதியத்தைச் சொல்ல முடியாது. யூரியா மட்டும் திடீரென ஏறியிருந்தால் டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். குடலுக்குள் போன ரத்தம் செரித்து யூரியாவாக மாறுகிறது.

வேறு நோய்க்குச் சேர்த்தவருக்கு ஆஸ்பத்திரியிலேயே ஏன் இது வருகிறது?

கடும் நோயில் உடம்பு ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி அனுப்பும். இரைப்பைக்குக் கிடைப்பது குறைந்துவிடும். இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலத்திடமிருந்தே காப்பது அந்த ரத்த ஓட்டம்தான். அது குறைந்தால் சுவர் அரித்துப் புண்ணாகும். 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையும் தன்மை கெட்டவர்களுக்கும் இந்த ஆபத்து மிக அதிகம் என்று 1994-லேயே தெளிவாகிவிட்டது. பெரிய தீக்காயம், தலைக்காயம், கிட்னி செயலிழப்பு, ரத்தத்தில் கிருமி பரவியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு நாம் கொடுக்கிற மருந்தும் இருக்கிறது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி. எலும்பு முறிவுக்கு டைக்ளோஃபெனாக். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு. ஒவ்வொன்றும் தேவைப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. மூன்று நான்கு ஒரே ஆளுக்குள் சேரும்போது இரைப்பை தாங்காது. எழுபது வயதுக்காரருக்கு இரண்டு துறை டாக்டர்கள் தனித்தனியாக மருந்து எழுதியிருந்தால், "எல்லாத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா டாக்டர்?" என்று ஒருமுறை கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

வார்டில் இருக்கும்போதே கசிந்தால் ஆபத்து அதிகமா?

அதிகம். பிரிட்டனில் 2007-ல் 200-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ரத்தக்கசிவோடு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் 100-க்கு 7 பேர் இறந்தார்கள். வேறு நோய்க்காக ஏற்கெனவே படுத்திருந்து, அங்கேயே கசிவு தொடங்கியவர்களில் 100-க்கு 26 பேர் இறந்தார்கள். டாக்டரும் நர்ஸும் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே இப்படி.

பெரிய காரணம், அவர்கள் முன்பே பலவீனமானவர்கள். ஹாங்காங்கில் அல்சர் கசிவுள்ள 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2010-ல் வெளியிட்டார்கள். இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேரின் உயிரை எடுத்தது ரத்த இழப்பு நேரடியாக அல்ல. நிமோனியா, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது, முற்றிய புற்றுநோய், இப்படி வேறு காரணங்கள். கசிவை நிறுத்திவிட்டோம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான்கு நாள் கழித்து ஆள் போய்விடுகிறாரே என்று குடும்பங்கள் கேட்பதற்கு இதுவே பதில். ஏற்கெனவே தள்ளாடும் இதயத்துக்கும் கிட்னிக்கும் இரண்டு மணி நேரம் ரத்தம் குறைந்தாலே அடி பலமாக விழுந்துவிடும்.

அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு மதிப்பு. இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் பெரியப்பா நெல்லிக்குப்பத்தில் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், பழைய இதய மாத்திரைகளும் ஓடின. மூன்றாம் நாளிலிருந்து மலம் கருப்பாகப் போயிருக்கிறது. பெரியம்மாதான் பெட்பேனைக் கழுவினார். "சத்து மாத்திரையால இருக்கும்னு நெனச்சேன். இதைப் போயி டாக்டர்கிட்ட எப்படிம்மா சொல்றது" என்று பின்னால் என்னிடம் அழுதார். இரண்டு நாளும் கேஸ் ஷீட்டில் மலம் கழித்தார் என்று மட்டும் பதிவாகியிருந்தது. நிறம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் போனில், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றுதான் விசாரித்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு என் வார்டில் காலை ரவுண்ட்ஸில் நிறத்தைக் கேட்காமல் ஒரு படுக்கையையும் நான் தாண்டியதில்லை.

கருப்பு மலத்தைப் பார்த்தால் உடனே என்ன செய்வது?

கழுவாதீர்கள். மூடிவைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வர நேரமாகும் என்றால் போனில் படம் எடுத்து வையுங்கள், கூச்சம் வேண்டாம். "அவருக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் இரவு இரண்டு மணிக்கு நாற்பது படுக்கை பார்க்கும் ஒரு நர்ஸுக்குப் புரியாது. "மலம் தார் மாதிரி கருப்பா போச்சு, இரண்டு தடவை, உட்கார்ந்தா தலை சுத்துதுன்னு சொல்றார்" என்று சொல்லுங்கள். நாடி, பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். டியூட்டி டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள்.

அதுவரை வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். மோர், இளநீர், தேன், சோற்றுக் கற்றாழை என்று யார் என்ன சொன்னாலும் வேண்டாம். எண்டோஸ்கோப்பிக்கு (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) வயிறு காலியாக இருக்க வேண்டும், வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. ரத்த வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். அங்கேயே மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

"ரத்தம் போயிருக்கு, ஏன் ரத்தம் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்?"

வார்டில் அதிகம் சண்டை நடப்பது இதற்காகத்தான். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வேன் பிடித்துப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். டாக்டர் வேண்டாம் என்பார். அலட்சியம் என்று தோன்றும், அது புரிகிறது.

2013-ல் ஸ்பெயினில் 921 பேரிடம் செய்த ஆய்வு இதைத் தீர்த்துவைத்தது. ஒரு பிரிவுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு பிரிவுக்கு 9-க்குக் கீழே போனாலே ஏற்றினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், குறைவாக ஏற்றிய பிரிவில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தாராளமாக ஏற்றிய பிரிவில் 91 சதவீதம். குறிப்பாகக் கல்லீரல் நோயாளிகளுக்கு அதிக ரத்தம் ஏற்றினால் உணவுக்குழாயில் வீங்கியிருக்கும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கலாம். இதய நோயாளிகளுக்கு 8 என்று கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். ரத்தம் குழாய் திறந்ததுபோலக் கொட்டிக்கொண்டிருந்தால் எந்த எண்ணையும் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள்.

வந்த பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிளட் பேங்கில் பெயரும் குரூப்பும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ரத்தம் உறைய ஊசி போடச் சொல்லலாமா?

டிரானெக்சாமிக் அமிலத்தைக் கேட்கிறீர்கள். பிரசவ ரத்தப்போக்குக்கும் விபத்துக்கும் நல்ல மருந்து. வயிற்றுக் கசிவில் 12,000 பேரிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். சாவு குறையவில்லை, கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வருவது கூடியது. டாக்டர் போடவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

எண்டோஸ்கோப்பி எப்போது செய்ய வேண்டும்?

பொதுவாக 24 மணி நேரத்துக்குள். கல்லீரல் நோயால் வீங்கிய குழாய் என்று சந்தேகம் இருந்தால் 12 மணி நேரத்துக்குள். "ஆறு மணி நேரமாச்சு, இன்னும் குழாய் விடலையே" என்று பதற வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் செய்தவர்களையும், அதன் பிறகு 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களையும் ஒப்பிட்டு ஹாங்காங் டாக்டர்கள் 2020-ல் எழுதினார்கள். அவசரமாகச் செய்ததால் சாவு குறையவில்லை. முதலில் பிரஷரைத் தூக்கிநிறுத்தி, மூச்சைப் பாதுகாத்து, பிறகு உள்ளே பார்ப்பதுதான் நல்லது. அந்தச் சில மணி நேரம் வீணாகிறது என்று நினைக்காதீர்கள்.

உள்ளே போன பிறகு புண்ணின் ஓரத்தில் அட்ரினலின் ஊசி போடுவார்கள். கூடவே கிளிப் மாட்டுவார்கள் அல்லது சூடு வைப்பார்கள். வீங்கிய குழாய் என்றால் ரப்பர் வளையம் மாட்டிக் கட்டுவார்கள். சம்மதக் கையெழுத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். கசிகிற குழாயை அப்படியே விடுவதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது.

கடலூரிலிருந்து ஜிப்மருக்கு அனுப்புகிறார்கள், போகலாமா?

எண்டோஸ்கோப்பியில் கட்டுப்போடும் வசதி இருக்கிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் குடல் நோய்க்குத் தனித் துறை இருக்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். தூரம் சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனாலும் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். கிளம்பும் முன் கையில் இரண்டு ஊசிவழி போட்டு, சலைன் ஓடிக்கொண்டிருக்க, 108-லோ ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸிலோ போங்கள். ரத்த குரூப் ரிப்போர்ட், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற சீட்டு, வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகள், மூன்றும் கையில் இருக்கட்டும்.

குடிப்பவர்களுக்கு மட்டும்தான் ரத்த வாந்தி வருமா?

இல்லை. கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகும்போது அதற்குள் போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாயின் குழாய்களில் ஏறி அவற்றை வீங்கவைக்கிறது. கல்லீரலைச் சுருக்குவது குடியாகவும் இருக்கலாம், மஞ்சள்காமாலை பி, சி வைரஸாகவும் இருக்கலாம், சர்க்கரை நோயோடு வருகிற கொழுப்புக் கல்லீரலாகவும் இருக்கலாம். கல்லீரல் நன்றாக இருந்தும் அதற்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் ரத்த வாந்தி எடுக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் நிறைய. ஒரு துளி குடிக்காத அம்மாவைப் பார்த்து "மறைச்சுக் குடிக்கிறியா" என்று உறவினர் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குடிக்கும் வீடுகளுக்கும் ஒன்று. கன்னியக்கோயில் எல்லை தாண்டிப் புதுச்சேரியில் விலை மலிவு என்று போய்க் குடித்துவிட்டு வந்த ஆள் ரத்த வாந்தியோடு சேர்க்கப்பட்டால், எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று உண்மையைச் சொல்லுங்கள். போலீஸுக்குச் சொல்வதற்காக நாங்கள் கேட்கவில்லை. குழாயைச் சுருக்கும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே தொடங்க வேண்டும். ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்பார்கள். கல்லீரல் நோயில் கசிவோடு கிருமித் தொற்றும் வந்துதான் பலர் சாகிறார்கள், அதை முதல் நாளே தடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும். திடீரென்று குடி நின்றதில் இரண்டாம் நாள் கை நடுங்கி உளறுவதும் வரும். அதற்கும் மருந்து இருக்கிறது, முன்பே தெரிந்தால்.

அல்சர் மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் கசிவு வராதா?

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குப் பயன் உண்டு. 2024-ல் வந்த பெரிய ஆய்வில் பான்டோப்ரசோல் கொடுத்தவர்களில் 100-க்கு 1 பேருக்கும், கொடுக்காதவர்களில் 100-க்கு 3 அல்லது 4 பேருக்கும் பெரிய கசிவு வந்தது. சாவு எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த மெலிவு மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கும் தேவை. சாதாரணக் காய்ச்சலுக்குச் சேர்ந்து நடமாடிக்கொண்டிருப்பவருக்கு எல்லாரையும் போல எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

காரம் சாப்பிட்டதால்தான் அல்சரா?

மிளகாயால் எரியும், புண்ணாகாது. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது வலி மாத்திரை. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கசிந்துகொண்டிருக்கும்போது செய்த கிருமி டெஸ்ட் இல்லை என்று வந்தால் அதை நம்பிவிடாதீர்கள், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பதினான்கு நாள் மருந்தில் கிருமி போய்விட்டால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறையும்.

இதய மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்காக ஆஸ்பிரின் சாப்பிட்டுக் கசிவு வந்தவர்களிடம் ஹாங்காங்கில் செய்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. எண்டோஸ்கோப்பியில் கசிவை நிறுத்திய பிறகு ஆஸ்பிரினைத் தொடர்ந்தவர்களுக்கு மறுபடி கசிவது கொஞ்சம் அதிகம்தான், 100-க்கு 10. நிறுத்தியவர்களுக்கு 5. ஆனால் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், தொடர்ந்தவர்களில் 100-க்கு 1, நிறுத்தியவர்களில் 13. ஒரு ஸ்டென்ட் வைத்தவர் கசிவுக்குப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் மாரடைப்போடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாரடைப்பே வராமல், முன்னெச்சரிக்கை என்று யாரோ சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் கதை வேறு, பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மறுபடி கசிவது பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வரும். அதனால் அதுவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். "நல்லா இருக்கேன், எழுதிக் குடுங்க போறேன்" என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். கசிவு நின்ற பிறகும் உள்ளே தங்கிய பழைய ரத்தம் இரண்டு மூன்று நாள் கருப்பாகப் போகும். நாளுக்கு நாள் நிறம் வெளுத்து வர வேண்டும். பழுப்பாக மாறிய மலம் மறுபடி தார் போல ஆனால் ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களும் முட்டி வலிக்கு மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், நாள் முழுக்கக் கட்டுமரம் தள்ளுகிறவர்களும் அதையேதான் வாங்குகிறார்கள். பத்து ரூபாய்க்கு மூன்று நாள் வலி தெரியாது. அந்தச் செட்டுக்குள் டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரைப்பையை அரிக்க இதைவிட வலுவான ஜோடி கிடையாது. வேலைக்குப் போனால்தான் கூலி என்பவர்களிடம் வலியோடு இரு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பாராசிட்டமால் போட்டுப் பாருங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஒருமுறை கசிந்தவர் டிஸ்சார்ஜ் சீட்டைச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொண்டு, எந்த வலி மாத்திரை வாங்கும்போதும் கடைக்காரரிடம் அதை முதலில் காட்டட்டும்.